நீல டிரம்மும் வெயிலுமுத்துவின் முழங்காலும்

திருடப் போனவன் எவனாவது நடக்கமாட்டாத கிழவியை முதுகில் சுமந்துகொண்டு வெளியே வருவானா? நம் சபை முத்துமாரி இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். பிறகு குழாயடியில் நின்று மற்றதைப் பேசட்டும். சிலிண்டர் கேஸ் கசிந்து ஜனங்கள் பயந்து ஓடிய அன்று வெயிலுமுத்து ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைந்தான், உண்மை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஜெபவீட்டை விட்டு எழுந்து போனான், அதுவும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, "களவாண்டுட்டான், அதான் தேவசமுகத்துல நிக்க முடியல, விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போயிட்டான்" என்கிறாளே, அதுதான் பொய்.

வெயிலுமுத்துவைத் தெரியாதவர் தாராவியில் நம் கல்லியில், இந்தச் சந்துக்குள், யார்? விக்ரோலியில் ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரி செக்யூரிட்டி. எந்த வீட்டு நிலைப்படியிலும் நெற்றி இடிக்கிற உயரம். ஒரு வம்புக்கும் போகமாட்டான். ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிடுவான். ரயிலில் அவன் விட்டுவிட்டு வந்த குடைகளை வைத்து ஒரு கடை போடலாம். கம்பெனி கொடுத்த டார்ச்சைத் தொலைத்தான், விசிலைத் தொலைத்தான். ஒருநாள் காலை ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு சயான் ஸ்டேஷனில் இறங்கி வந்தான். மற்றது எங்கே என்று அவன் பெண்டாட்டி பூமாரி கேட்டதற்கு, "ரெண்டும் இருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றான்.

இப்படிப்பட்டவன் கையில்தான் ஆண்டவர் ரட்சிப்பைக் கொடுத்தார்.

பூமாரி இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவள்தான். இவன் மட்டும் நம் அய்யாத்துரை பாஸ்டரின் ஜெபவீட்டுக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தான். பாஸ்டர் நல்ல மனுஷர், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாராவாரம் ஒரே பிரசங்கம்தான் செய்வார். "ரட்சிப்புங்கது உள்ளங்கையில ஏந்துன தண்ணி. விரலு லேசா விரிஞ்சாலும் போச்சு!" எல்லாரும் ஆமென் என்போம். வெயிலுமுத்து மட்டும் தன் விரல்களைப் பார்ப்பான்.

அதிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. ரயிலில் காலை மிதித்தவனைத் திட்டிவிட்டானா, ரட்சிப்பு போச்சு என்று பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டுவான். கேட்டில் கூட நிற்கிற கேஷவின் போனில் பாதிப் படம் பார்த்துவிட்டானா, போச்சு. பூமாரி கோயிலிலிருந்து கொண்டுவந்த பொங்கலில் முந்திரிப்பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றான், அன்றைக்கு அழுதே விட்டான். "முந்திரிதானல்லா, சோத்தைத் தொடலையே?" என்று நான் கேட்டதற்கு, "ஆச்சி, சோத்துமேலதான இருந்துச்சு" என்றான்.

போனதைத் திரும்ப வாங்க பாஸ்டருக்கு ஒரே வழிதான் தெரியும். மறுபடியும் முழுக்கு. நமக்கு ஆற்றங்கரை ஏது? ஜெபவீட்டுக்குப் பின்னால் நீல டிரம். அதற்குள் வெயிலுமுத்துவின் உயரத்தை எப்படி முக்குவது? தலையை அமுக்கினால் முழங்கால் மேலே வரும். முழங்காலை அமுக்கினால் தலை மேலே வரும். பாஸ்டர் ஒரு பக்கமும் இரண்டு சகோதரர்கள் மறுபக்கமும் நின்று மாவு பிசைகிறமாதிரி பிசைவார்கள். இத்தனை முழுக்கிலும் அவனுடைய இடது முழங்கால் ஒருதரம்கூடத் தண்ணீருக்குள் போகவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ரட்சிப்பு ஒழுகுகிறதோ என்று அவனுக்குச் சந்தேகம். முழங்காலுக்குத் தனியாக எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னான். அதையும் செய்தார்கள்.

பூமாரிக்குத்தான் கஷ்டம். டிரம்மை நிரப்புகிறவள் அவள். "சாமியும் அவுகளும் ஒரு முடிவுக்கு வரட்டும், ஆச்சி. தண்ணி சுமந்தே என் இடுப்பு ஒடிஞ்சிட்டு" என்பாள்.

இனி கேஸ் நாளுக்கு வருகிறேன். நம் சபை அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆண்டவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், தம்முடையவர்களை நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொள்வார், ரட்சிப்பை விட்டவன் கைவிடப்படுவான் என்று எங்களுக்குப் போதனை. வெயிலுமுத்து தினமும் அந்தப் பயத்தோடுதான் படுப்பான்.

அன்று ராத்திரி வேலை முடித்து வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மேல்மாடியில் தூங்கினான். அடுத்த வீட்டு டெய்லர் சைஃபின் மிஷின் சத்தத்துக்கு அந்தப் பஞ்சு. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் சிலிண்டர் டியூப் கழன்று, கேஸ் கேஸ் என்று கூச்சல் எழுந்தது. கல்லியே தொண்ணூறடி ரோட்டுக்கு ஓடியது. பூமாரி வீதியில் நின்று அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கூட்டம் அவளையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பஞ்சுக்குள் என்ன கேட்கும்?

எழுந்து பஞ்சை எடுத்தான். சத்தமே இல்லை. தாராவியில் பகல்வேளையில் சத்தமில்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது? இறங்கி வந்தான். அடுப்பில் பாதி வெந்த சோறு. சைஃபின் மிஷினில் ஒரு கை மட்டும் தைத்த சட்டை. வாளி நிரம்பி வழிகிறது. வழியெல்லாம் ஒற்றைச் செருப்புகள். நடுவில் யாருடையதோ ஒரு லுங்கி, ஆள் இல்லாமல் கிடக்கிறது.

லுங்கியைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆண்டவரின் வருகை நடந்து முடிந்துவிட்டது.

"பூமாரி!" என்று கத்தினான். தேங்காய் உடைக்கிற பூமாரியையே எடுத்துக்கொண்டார். தொழுகைக்குப் போகிற சைஃபை எடுத்துக்கொண்டார். கல்லி முனையில் குடித்துவிட்டுக் கிடக்கிறவனையும் விடவில்லை. இத்தனை முழுக்குப் போட்ட தன்னை மட்டும் விட்டுவிட்டார். யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். இதுதான் முத்துமாரி சொல்கிற களவு.

ஒரு வீட்டிலிருந்து நாற்றம் வந்தது, உஸ்ஸென்று சீறலும் கேட்டது. நரகத்துக் கந்தகம், சர்ப்பம் என்று நினைத்தான். கையில் அகப்பட்ட ஒரு விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு உள்ளே போனால் சிலிண்டர். உலகமே முடிந்துபோனாலும் கேஸ் வீணாகலாமா? ரெகுலேட்டரைத் திருகி மூடினான், ஜன்னலைத் திறந்தான், விளக்குமாற்றை அங்கேயே தொலைத்துவிட்டு வந்தான். அது யார் வீடு தெரியுமா? முத்துமாரி வீடு. அந்த விளக்குமாறு இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

சைஃபின் அம்மா மர்யம் இடுப்பு விழுந்து கட்டிலோடு கிடக்கிறவள். தூக்க ஆள் தேடி சைஃப் ஓடியிருந்தான். வெயிலுமுத்து உள்ளே எட்டிப் பார்த்து, "சாச்சி, நீங்களுமா?" என்றான்.

"ஹாங், பேட்டா. சப் சலே கயே. எல்லாரும் பூட்டாங்க, நம்மள மட்டும் வுட்டுட்டாங்க" என்றாள் அவள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு கிழவியைத் தனியாக விடக்கூடாது என்று முதுகில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் அவன் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்ததை மர்யம்தான் எனக்குச் சொன்னாள். "சாமி, நீரு வந்துட்டுப் போயிட்டீரு. சரி, எம்மேலதான் தப்பு. ஆனா இந்தம்மா கனமா இருக்காவ. கல்லி முக்கு வரைக்குமாவது கூட வாரும்."

ரோட்டுக்கு வந்தால் எல்லாரும் நிற்கிறோம். வெயில் அடிக்கிறது, ஒருவருக்கும் வேலையில்லை, ஆளுக்கொரு வடாபாவ் தின்கிறோம். அவன் பரலோகம் வந்துவிட்டோம் என்றே நினைத்து, கிழவி முதுகில் இருக்க நடுரோட்டில் மண்டியிட்டான். பிறகு கூட்டத்தில் முத்துமாரியைப் பார்த்தான். அப்போதுதான் இது பரலோகம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"எங்கன போனீய? ஏன் அழுதீய?" என்று பூமாரி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ போயிட்டன்னு நெனச்சேன். நீ போனதுகூடப் பரவால்ல, என்னை விட்டுட்டுல்லா..." என்று முடிக்காமல் நின்றான். ரோடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பாஸ்டர் டிரம்மை ஜெபவீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார். "கைவிடப்பட்டேன்னு நீரே நெனச்சீருல்லா? அந்த நெனப்பே சாட்சி. ரட்சிப்பு போயிட்டு. வாரும், எறங்கும்."

வெயிலுமுத்து வலது காலை டிரம்முக்குள் விட்டான். விட்டபடியே நின்றான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? போச்சு, அவ்வளவுதான்னு நான் முடிவு கட்டுன பொறவும் அவருகிட்டதான பேசிக்கிட்டு வந்தேன். கூட வாரும்னு கேட்டேன். சாச்சி கனம் கொறஞ்சிட்டு. கூட வந்தது யாரு?"

"அது பிரமை, வே."

"பிரமை முதுகுல தெரியுமா, ஐயா?" அவன் சண்டை போடவில்லை, உண்மையாகவே கேட்டான். "எத்தனையோ கொடையைத் தொலைச்சிருக்கேன். ஒண்ணாவது என்னத் தேடி வந்ததில்ல. இவரு வந்தாரு. அப்ப தொலைக்கிற சாமான் மாதிரி இவரை நான் கையில வச்சிருக்கல. அவருதான் என்னைய வச்சிருக்காரு."

"தண்ணி நெரப்பியாச்சே!" என்றார் பாஸ்டர்.

"பூமாரி துணி தொவைப்பா" என்று சொல்லிக் காலை வெளியே எடுத்தான்.

எங்கள் பாய்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தான். முன்பாயில் இருந்த முத்துமாரி எழுந்து, "கொடையை விட்டுட்டுப் போறீரே!" என்று கத்தினாள். அவன் குடையைப் பார்த்தான், சிரித்தான், எடுக்கவில்லை. ஒரு கால் ஈரமும் ஒரு கால் காய்ந்ததுமாக நிலைப்படிக்குக் குனிந்து வெளியே போனான். மழை ஒரு நிமிஷத்தில் அவனை நனைத்துவிட்டது, தலையிலிருந்து பாதம்வரை, இடது முழங்காலையும் சேர்த்து.