அப்பாவுக்கு மாட்டிய கோட்டு

நாளை மறுநாள் அப்பாவின் முதல் வருடத் திதி. அவருடைய மலேசிய ராணுவச் சீருடைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட, ஈப்போவில் ஒரு போட்டோ கடையில் கொடுத்திருந்தேன்.

இன்று வாங்கப் போனால், சட்டத்துக்குள் நீலக் கோட்டும் டையுமாக யாரோ ஒருவர். முகம் மட்டும் அப்பா.

"உடுப்ப ஏண்ணே மாத்துனீங்க?"

"ஜாகா உடுப்போட மாட்டுனா நல்லாவா இருக்கும்? அதான் கோட்டு போட்டு விட்டேன்லா."

ஜாகாவாம். காவலாளியாம். நான் கொடுத்த படத்தில் நெஞ்சில் மூன்று பதக்கம் தொங்குகிறது.

"அது ஆர்மிண்ணே."

"நம்ம ஆளுங்க ஆர்மியில இருந்தாங்களாக்கா?"

கேட்ட கடைக்காரரும் நம்ம தமிழ் ஆள்தான்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போய், அப்பா இருபத்தொரு வருடம் இருந்தார். மாதக்கணக்கில் எல்லைக் காட்டில் கிடந்துவிட்டு லீவில் வந்தால், எங்கள் நான்கு பேரின் பள்ளி உடுப்பையும் அவரே தேய்ப்பார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பென்ஷனுக்குப் பிறகு எங்களைப் படிக்க வைக்க ஜாகா வேலையும் பார்த்தார். அந்த உடுப்பையும் அப்படித்தான் தேய்த்தார்.

கோட்டு மட்டும் போட்டதே இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட.

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்குள் பழைய உடுப்பையே போட்டுத் தருவாராம்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் பாருங்கள். செத்த பிறகு முதன்முதலாகக் கோட்டு போட்டவர்கள் எத்தனை பேர்?