கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அப்பாவின் கை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குடும்பம் இசையறிவுள்ள குடும்பமென்று மதிக்கப்பட்டிருந்தது. பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. அப்பா சங்கீத சபாவின் செயலாளர் என்பதை அறியாதவர்களுக்கு நடந்தது விளங்காது. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிக் கணக்கியல் படித்தார். கூடவே மின்சாரக் கிற்றாரும் பழகினார். அதை நாங்கள் அயலில் சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனையில் உள்ளூர் ரொக் குழுக்கள் தாங்களே ஆக்கிய புதுவகை இசையை வாசிக்கப்போகின்றன, அதில் தம் குழுவும் உண்டு என்று அவர் அறிவித்தபோது, அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"வந்து கேக்கிறன். சங்கீதமெண்டால் இஞ்சை இரு. வெறுஞ் சத்தமெண்டால் நாளைக்கே யாழ்ப்பாணம் போ."

"ஓம் அத்தான்."

மாலையில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிச்செல்பவர் சின்ன மாமா ஒருவரே. ஆகவே நானும் அழுது அடம்பிடித்துப் போனேன்.

வேட்டி சால்வையோடு நுழைந்த அப்பாவைப் பிரதம விருந்தினரென்று கருதி, நீளமுடி இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். அவர் அதை மறுக்காமல் முன்வரிசையில் அமர்ந்தார். முதற்குழுவில் ஒருவர் கிற்றாரை ஒலிபெருக்கியின் முன் பிடித்து ஊளையிடச் செய்தார். அப்பா கண்களை மூடிக்கொண்டார். உறங்கவில்லை என்பது இறுகிய தாடையில் தெரிந்தது.

அடுத்து சின்ன மாமாவின் குழு. ஏழேழாக எண்ணி வாசிக்கவேண்டிய உருப்படி. பாதியில் கிற்றார் ஒரு பக்கமும் ட்ரம்ஸ் மறுபக்கமும் போயின.

"தம்பிமாரே, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலை ஏறுங்கோ," என்றது பின்வரிசைக் குரலொன்று. மண்டபம் சிரித்தது.

அப்போது அப்பா தம் தொடையில் ஓங்கித் தட்டத் தொடங்கினார். சபாக் கச்சேரிகளுக்குக் குழந்தைகளை அழைத்துச்செல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆதலால் அதைக் கோபமென்றே கொண்டேன். சின்ன மாமா அந்தக் கையைக் கண்டார். ட்ரம்ஸ்காரருக்கும் தலையசைத்துக் காட்டினார். இருவரும் ஒரே இடத்தில் வந்து இறங்கியபோது மண்டபம் ஆர்ப்பரித்தது. நானோ மாமாவைக் காக்கும் நோக்கத்துடன் அப்பாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டேன். இசை மறுபடியும் குலைந்தது.

"விடு பிள்ளை, கையை விடு," என்று மாமா மேடையிலிருந்தே கத்தினார்.

அப்பா என்னைப் பாராமலே மற்றக் கைக்கு மாறினார். சற்று நேரத்தில் முன்வரிசையும், அதன்பின் மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தே கைதட்டின. அவர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்.

வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கியதும் அப்பா கேட்டார்: "அந்த மேளக்காரப் பெடியன் ஆர்?"

"என்ரை சிநேகிதன், அத்தான்."

"ஞாயிற்றுக்கிழமையளிலை அவனையும் வரச்சொல்லு. ரெண்டு பேருக்கும் தாளம் ஒழுங்கில்லை. நான் கொஞ்சம் கதைக்கவேணும்."

சின்ன மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பயத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்தேன். ஒருவருக்கு இருந்த தண்டனை இப்போது இருவருக்காகிவிட்டது. அந்த மேளக்காரரையாவது வரவேண்டாமென்று யாராவது எச்சரிக்கவேண்டுமே என்று எண்ணியபடி வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.