சென்டர் விளையாடியவளின் இரத்தம்

பத்தாம் வகுப்பில் நான் பாடசாலை வலைப்பந்து அணிக்குத் தலைவி. சென்டர் இடத்தில் விளையாடியவள் என் சிநேகிதி; அரியாலையில் எங்கள் இருவர் வீடும் ஒரே ஒழுங்கையில். சென்டர் என்றால் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். அவள் ஓடுவதைப் பார்க்கவே மற்ற வகுப்புப் பிள்ளைகள் மதிலோரம் வந்து நிற்பார்கள்.

இரண்டாம் தவணையில் அவள் மெல்ல மெல்லத் தளர்ந்தாள். பந்தைப் பிடித்ததும் முழங்காலில் கையூன்றிக் குனிந்துவிடுவாள். மாடிப்படியில் பாதியில் நிற்பாள். போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

“ஏனடி இப்பிடிச் சோம்பல்படுறாய்?”

“சோம்பல் இல்லையடி. ஓடினால் மூச்சு வாங்குது. ஏலாமக் கிடக்கு.”

“ஏலாதெண்டா வெளியிலை நில்லு.”

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் மைதானத்தை விட்டுப் போனாள். அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில், நின்றபடியே சரிந்து விழுந்தாள்.

விளையாட்டு ஆசிரியையும் நானும் அவளை ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுடைய அம்மாவும் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கிருந்த பெண் டொக்டர் அவளது கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. இரத்தம் சோதித்தபோது ஈமோகுளோபின் ஏழு என்று வந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

“மூச்சு வாங்குது எண்டவள். நெஞ்சிலை ஏதும் பிழையோ டொக்டர்?” என்று அம்மா கேட்டார்.

“இல்லை அம்மா. ஒட்சிசன் நல்லாத்தான் உள்ளுக்கை போகுது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கை காலுக்குக் குடுக்கிறது இரத்தத்திலை இருக்கிற ஈமோகுளோபின். அது உண்டாக இரும்புச்சத்து வேணும். பிள்ளைக்கு அது காணாது. அதுதான் இருதயம் ஓடி ஓடி அடிக்குது, மூச்சும் வாங்குது.”

பிறகு டொக்டர் குரலைத் தாழ்த்தி மாதவிடாயைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் பத்து நாள் நிற்காமல் போகிறது என்று அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரத்தச் செங்குழியத்தை விஞ்ஞானக் கொப்பியில் சிவப்புப் பென்சிலால் தீட்டி முழுப் புள்ளி வாங்கியவள் நான்!

அந்த இரத்தப்போக்குக்கும் மருந்து கொடுத்தார்கள். கூடவே இரும்புக் குளிசை, அது உடம்பில் சேரத் தோடம்பழம்; சேரவிடாது என்பதால் சாப்பாட்டோடு தேநீர் கூடாது. “தேத்தண்ணி இல்லாமல் எப்பிடியடி பாண் இறங்கும்?” என்று அழாக்குறையாகக் கேட்டாள். அந்த வருடம் அவள் இல்லாமல் விளையாடித் தோற்றோம். அடுத்த வருடம் முதல் பயிற்சியிலேயே அவள் ஓடிய ஓட்டத்தில் நான் ஓடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவள் கனடாவில். போன ஆவணியில் திருவிழாவுக்கு வந்திருந்தாள்.

“அண்டைக்கு உன்னை அப்பிடிச் சொன்னது இன்னும் மனசுக்கை கிடக்கு” என்றேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “அது எனக்கு ஞாபகமேயில்லை. சுகமாகிற வரைக்கும் நீதானே என்னைச் சைக்கிள் கரியரிலை வைச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோனனீ. எதிர்க்காத்தெண்டா நீ இளைக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். பாவமாக் கிடக்கும்.”

அதை நான் மறந்தேபோயிருந்தேன். பிறகு இருவரும் டவுனுக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போனோம்.