பெருமாயி பேசறேனுங்க

சோளக்காட்டு ஜீப் ஸ்டாண்டில் ரொம்ப வருசமாகப் போன் எடுத்தவள் பெருமாயி. தகரம் வேய்ந்த சின்ன ரூம், ஒரு நாற்காலி, ஒரு போன். மலையில் நாடு என்றால் பல ஊர் சேர்ந்தது. ஆலத்தூர் நாட்டில் அன்னாசி லோடு கிடக்கிறது என்பார்கள், அரியூர் நாட்டில் யாருக்கோ இடுப்பு வலி என்பார்கள். காதில் வாங்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டி, வரிசையில் முன்னால் நிற்கும் டிரைவரை விரட்டுவாள். அவ்வளவுதான் வேலை. புருசன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். பிள்ளை கிடையாது. ஆள் கொஞ்சம் முசுடு. டிரைவர்கள் அவளைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். ஆனால் போனை எடுத்தால் குரல் அப்படியே இளகிவிடும். “பெருமாயி பேசறேனுங்க, சொல்லுங்க சாமி” என்பாள். கிழவனா, பொடியனா, வட்டச் செயலாளரா என்று பார்க்கமாட்டாள். எல்லோரும் சாமிதான்.

மலையில் போன் பேசுவது கீழ்நாட்டில் பேசுகிற மாதிரி இல்லை. ஊருக்கு ஒரு பாறை இருக்கும். அதன்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அதுவும் எப்போது அறும் என்று தெரியாது. அதனால் அவளுடைய ‘சொல்லுங்க சாமி’ காதில் விழுந்ததும், சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். பதில் கேட்க நிற்கமாட்டார்கள். பெருமாயி காதில் போட்டாயிற்று என்றால் வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அது ஒருநாளும் தப்பியதில்லை.

வண்டிகளில் பாதிக்கு மேல் பூபதிக்குச் சொந்தம். அடிவாரத்துக்காரர், தோட்டம் துரவு உள்ளவர், கெட்டவர் இல்லை. கோயமுத்தூரில் ஒரு கம்பெனியைப் பிடித்து, ஸ்டாண்டு போனை இன்டர்நெட் வழியாகப் போகும்படி மாற்றினார். நம்பர் பழைய நம்பர்தான். ஆனால் இனிமேல் அது ரூமில் மணியடிக்காது. கம்பெனியின் மிசின் எடுக்கும். லோடு வண்டிக்கு ஒன்று, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு, ஆஸ்பத்திரிக்கு மூன்று. எண்ணை அழுத்தினால் எந்த டிரைவர் சும்மா இருக்கிறானோ அவன் செல்லுக்கே நேராகப் போகும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் லைன் பிசி என்று வராது. ஊர் உலகத்தில் பெரிய கடைகளெல்லாம் இப்போது இப்படித்தான் நடத்துகின்றன என்றார். பெருமாயிக்கு வேலை போகவில்லை. சுற்றுலா ஆட்கள் அனுப்பும் மெசேஜுக்குப் பதில் போட ஒரு கம்ப்யூட்டரை முன்னால் வைத்தார்கள்.

முதலில் கம்பெனிக்காரப் பெண் குரல்தான் வந்தது. செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசியது. ராங் நம்பர் என்று மலையாட்கள் வைத்துவிட்டார்கள். அப்புறம் பூபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. பெருமாயியையே பேசவைத்துப் பதிவு செய்தார். எழுதிக் கொடுத்தது லோடு, அருவி, ஆஸ்பத்திரி, எண்கள், அவ்வளவுதான். வாய்ப்பழக்கத்தில் தொடக்கத்தில் தன் பேரையும் ‘சொல்லுங்க சாமி’யையும் சேர்த்துக்கொண்டது அவள். அதற்கப்புறம் மூச்சு வாங்க ஒரு இடைவெளி வேறு விட்டாள். பூபதிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. உயிரோட இருக்குது என்றார்.

அதற்குப் பிறகு யாரும் டக்கென்று வைக்கவில்லை. சந்தையில் பார்க்கிறவர்கள் பெருமாயியை மெச்சினார்கள். இப்பெல்லாம் மொத மணியிலேயே எடுத்துடறயே என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். மிளகு மூட்டைக்கு வண்டி சொன்னேன், வரவே இல்லையே என்று ஒரு பெண் மட்டும் முகத்தைத் தூக்கினாள். பெருமாயி அதைப் பூபதி காதில் போட்டாள். எண்ணை அழுத்தியிருக்கமாட்டாள், போகப்போகப் பழகிவிடும் என்றார் அவர். இவளும் விட்டுவிட்டாள். நாற்காலி நிலைத்தால் போதும் என்றிருந்தது.

தை கடைசியில், மிளகுப் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில், திருப்புலி நாட்டில் அவளுடைய அண்ணன் சென்றாயன் மரத்திலிருந்து விழுந்தான். சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி புரண்டுவிட்டது. வாயில் ரத்தம். பேச்சு இருந்தது. அவன் பெண்டாட்டி அம்சவேணி, பெருமாயிக்கு நங்கை முறை, பாறைக்கு ஓடினாள். ஸ்டாண்டு நம்பரை அழுத்தினாள். எடுத்தது நாத்தனார் குரல். சொல்லுங்க சாமி என்றது. இடைவெளியும் விட்டது. ஏணி புரண்டதை, ரத்தம் வருவதை, வண்டியைத் தார்ரோட்டு முக்குக்கு அனுப்பவேண்டும் என்பதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வைத்துவிட்டு ஓடினாள். போர்வையில் தூளி கட்டி அவனை முக்குக்குத் தூக்கிவந்து நிழலில் கிடத்தினார்கள். பெருமாயி அனுப்பிவிடுவாள் என்று உட்கார்ந்தார்கள். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. தங்கச்சியிடம் சொன்னபிறகு வேறு யாரைக் கூப்பிடுவது?

அந்த நேரத்தில் சோளக்காட்டில் ஜீப்புகள் வரிசையாகச் சும்மா நின்றன. டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெருமாயி டீயைக் குடித்துக்கொண்டு, சென்னைக்காரர் ஒருத்தருக்கு அருவிப் படி செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலிக்காரர் இறங்கவேண்டாம் என்று பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

உச்சி சாய்ந்த பிறகு, சவாரி முடிந்து வந்த டிரைவர் முருகானந்தம் முக்கில் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினான். ஏற்றிக்கொண்டு செம்மேட்டுக்குப் பறந்தான். பாதி வழியிலேயே சென்றாயன் அடங்கிவிட்டான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில்தான் அம்சவேணி வாயைத் திறந்தாள்.

“சொல்லுங்க சாமின்னயே, அம்மிணி. ஒண்ணு உடாமச் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தே?”

“அது நான் இல்லீங்க நங்கை. மிசினு.”

“உங்கொரலு எனக்குத் தெரியாதா?”

பக்கத்தில் நின்ற பங்காளி ராசு, மிளகுத் தோட்டத்துல பங்கு கேட்டு மொறச்சிக்கிட்டுப் போனவதான என்று, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். பெருமாயி பங்கு கேட்டது உண்மை. அண்ணன் தரமாட்டேன் என்றதும் உண்மை. கூட்டம் அவளையே பார்த்தது. சொல்லி நம்பவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முருகானந்தத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறைக்கு நடந்தாள். அம்சவேணியும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள்.

பெருமாயி பேசறேனுங்க, சொல்லுங்க சாமி என்றது போன். பெருமாயி உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அம்சவேணி போனைப் பார்க்கவில்லை. நாத்தனார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளி போயிற்று. ஆஸ்பத்திரிக்கின்னா மூணு அழுத்துங்க சாமி என்று அந்தக் குரல் அன்பாகச் சொன்னது.

“அப்ப நான் யாருகிட்டச் சொன்னேன்?” என்றாள் அம்சவேணி.

ராசு முதல் ஆளாக இறங்கிப்போனான்.

மறுவாரம் பூபதி பெருமாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்கும் மனசு ஆறவில்லை. தூக்கம் இல்லை என்றார். இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். எண்ணை அழுத்தவே வேண்டாம், ஆள் என்ன பேசினாலும் புரிந்துகொண்டு அதுவே வண்டி அனுப்புமாம். கேட்டதற்குப் பதிலும் சொல்லுமாம்.

“உங்கொரல்லயே பேசுமாம் பெருமாயி. நீ ஒக்காந்து கொஞ்சம் பேசிக் குடுத்தாப் போதும். இனி இந்தத் தப்பு நடக்காது.”

“அது கேட்டுப்போட்டு வண்டி அனுப்பலைன்னா, யாரப் போயிக் கேப்பாங்க?”

பூபதி தலையைக் குனிந்துகொண்டார். உன்னைத்தான் என்று அவர் வாய் சொல்லவில்லை. பெருமாயி தன் குரலை மட்டும் எடுத்துவிடச் சொல்லிவிட்டு எழுந்தாள். கம்ப்யூட்டரை மூடவும் இல்லை, அந்த ரூமுக்குத் திரும்பவும் இல்லை.

எடுத்துவிட்டார்கள். மறுபடி செய்தி வாசிக்கிற பெண் வந்தாள். மலையாட்கள் டிரைவர்களின் சொந்த நம்பரைப் போட்டுப் பழகிக்கொண்டார்கள்.

பெருமாயி இப்போது ஆலத்தூர் நாட்டில் மரவள்ளிக் கிழங்கு வெட்டக் கூலிக்குப் போகிறாள். அண்ணன் வீட்டுப் பக்கம் போவதில்லை. ராசு மாதிரி ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மிசினுதான், ஆனா அத நம்பி முக்குல ஒக்காரவெச்சது யாரு கொரலு என்கிறார்கள்.

ஆடியில் ஒருநாள் அவள் சொந்த நம்பருக்கு அம்சவேணி கூப்பிட்டாள். கிழங்குக் காட்டில் நின்றிருந்தவள் மண்கையோடு எடுத்து, சொல்லுங்க நங்கை என்றாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. மூச்சு கேட்டது. மிசின் விடுகிற அளவுக்கு ஒரு இடைவெளி போயிற்று.

“எதை அழுத்தோணும்?” என்றாள் அம்சவேணி.

“ஒண்ணும் வேண்டாமுங்க. நாந்தான். நெசமா நாந்தான்.”

அம்சவேணி என்ன சொல்லக் கூப்பிட்டாளோ, அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்தது. சிக்னல் போயிற்றா, அவளே வைத்தாளா என்று பெருமாயிக்குத் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட விரல் போகவில்லை. போனை முந்தானையில் முடிந்துகொண்டு, பாதியில் விட்ட கிழங்குச் செடியைப் பிடித்து வேர் இளக ஆட்டினாள்.