வெங்கடலட்சுமியின் முட்டிக்கு இரண்டு பதில்

இரண்டு நாக்கு, இரண்டு நாக்கு என்று தெருவே பேசுகிறதே, அவளுக்கு இருப்பது ஒரே நாக்குதான். ஆஸ்பத்திரியில் இரண்டு விதமாகக் கேட்டார்கள், இவள் இரண்டு விதமாகச் சொன்னாள். அதற்காக, பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டு வெங்கடலட்சுமி ரேணிகுண்டாவுக்கு ஓடிப்போனாள் என்பதா? ஓடுகிற முட்டியா அது? உட்கார்ந்து எழுந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். நடந்ததைச் சொல்கிறேன். அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னதுதான்.

புருஷன் போனபிறகு புத்தூருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மகன் பாபுவுக்குப் பெங்களூரில் கார் கம்பெனி வேலை, நான்காவது மாடியில் வீடு. ஒரு முறை போய் இருந்து பார்த்தாள். பேச ஆள் கிடைக்காமல், லிஃப்டில் ஏறுகிறவர்களையெல்லாம் "துன்னாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் பயந்துபோய் படியில் இறங்கினார்களாம். இரவோடு இரவாகத் திரும்பி வராத குறைதான்.

அந்தச் சமயத்தில்தான் ரேணிகுண்டாவில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் காய் நறுக்க ஆள் கேட்டார்கள். தங்க இடமும் உண்டு. இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாபுவிடம் போனில் சொன்னாள்.

"முட்டிய வெச்சிக்கினு வேலையாம்மா உனக்கு? திருப்பதி டாக்டர் தாங்கும்னு சொல்லட்டும், போ. இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கினு இங்க வந்துடு."

"சரிடா நைனா," என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எலும்பு முறிந்திருந்தால் புத்தூரிலேயே கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இது தேய்மானம், திருப்பதிக்குத்தான் போக வேண்டும். துணைக்கு எதிர்வீட்டு ரத்தினம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் செய்த புத்திசாலித்தனங்களில் அதுதான் தலையாயது.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் யாமினி என்று ஒரு பெண். கையில் தெலுங்கில் அச்சடித்த தாள். அதிலிருந்த கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அம்மா, கஷ்டமில்லாம மாடிப்படி ஏற முடியுமா உங்களால?"

வெங்கடலட்சுமி பக்கத்தில் பார்த்தாள். ரத்தினம்மா கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண் சாதாரணக் கண்ணா? போன வருஷம் "என் மாடு நல்லா கறக்குது" என்று வாய்தவறி அவள் எதிரில் சொன்னதற்கு, மறுவாரமே மாடு காலைத் தூக்கி உதைத்தது. நம் ஊரில் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டால் யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்வோமா? ஏதோ போகிறது என்போம். பக்கத்திலிருப்பவர் நம்மைவிடக் கஷ்டப்படுவதாகத் தெரிந்தால் இன்னும் ஒரு படி இறங்குவோம்.

"எங்கேம்மா முடியுது," என்றாள் வெங்கடலட்சுமி.

"குடத்துல தண்ணி தூக்க முடியுமா?"

"அந்தக் காலமெல்லாம் போச்சு."

"தரையில உக்காந்து தானா எழுந்துக்க முடியுமா?"

"பெருமாள் தூக்கிவிட்டா உண்டு."

ரத்தினம்மா சும்மா இருப்பாளா? "பாவம், பாதி உடம்புதான் கீது அவளுக்கு," என்று கண்ணைத் துடைத்தாள். அதைக் கேட்டதும் வெங்கடலட்சுமிக்கே தன்மேல் இரக்கம் வந்து, அடுத்த கேள்விகளுக்கு இன்னும் இழுத்து இழுத்துச் சொன்னாள். வேலைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

டாக்டரம்மா பதில்களுக்கு யாமினி போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்தார். ஆளையும் பார்த்தார்.

"இதுல போட்டிருக்கிறபடி பார்த்தா நீங்க படுத்த படுக்கையா இருக்கணும். ரெண்டாவது மாடிக்கு எப்படி வந்தீங்க?"

"லிஃப்டுல கூட்டம். நடந்துதான் வந்தேன்."

"வேலைக்கு அனுப்ப முடியாதும்மா. கூட ஒரு ஆள் வேணும் உங்களுக்கு."

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. நான்காவது மாடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "ஐயோ டாக்டரம்மா, நா சும்மா சொன்னேன்!" என்று அலறியேவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. யாமினியைக் கூப்பிட்டு, "கூட வந்தவங்களை வெளியில உக்கார வெச்சிட்டுத் திரும்பக் கேளு. முடியுமான்னு கேக்காதே. நேத்து என்ன செஞ்சாங்க, யார் கைகொடுத்தாங்கன்னு கேளு," என்றார்.

"நேத்து தண்ணி யாரும்மா தூக்கினாங்க?"

"நாந்தான். பின்ன யாரு, ரத்தினம்மாவா வந்து தூக்குவா?"

"தரையில உக்காந்தீங்களா?"

"உக்காராம எப்டி வேர்க்கடலை உரிக்கிறது?"

"எழுந்தப்போ யாராவது பிடிச்சாங்களா?"

"செவுரப் புடிச்சேன். வலி உயிர் போச்சு. எழுந்தேன்."

யாமினி வேகவேகமாக எழுதினாள். "ஒரு கிலோமீட்டர் நடந்தீங்களா?"

"இல்லியே."

"ஏம்மா, முட்டி வலியா?"

"ஆட்டோ வந்துச்சு, ஏறிட்டேன்."

"ஆட்டோ வரலன்னா?"

"நடப்பேன். ஆட்டோக்காரனைத் திட்டிக்கினே நடப்பேன்."

யாமினி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கு நான் எந்தக் கட்டத்துல டிக் போடறதும்மா?"

டாக்டரம்மா முட்டியை மடக்கி நீட்டி, படம் எடுக்கச் சொல்லி, கடைசியில் சொன்னார்: வலி பொய்யில்லை, தேய்மானம் இருக்கிறது. மூட்டை தூக்கக் கூடாது. உட்கார்ந்து காய் நறுக்கலாம்.

வெளியே திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டிருந்த ரத்தினம்மா பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள். "ஒரே நாள்ல நொண்டியும் நீயே, குதிரையும் நீயேவாடி?" ஊருக்குள் கால் வைக்கும் முன்பே செய்தி பெங்களூர் போய்விட்டது.

"மொத தடவை முடியாதுன்னியாமே. ரெண்டாவதா சொன்னது மட்டும் எப்டிம்மா நெஜம்?" என்றான் பாபு போனில்.

வருஷக்கணக்காக முடியல, முடியல என்று சொல்லி, பிள்ளையையும் நம்பவைத்து, தானும் பாதி நம்பிவிட்டிருந்தாள். யாரைக் குறை சொல்வது?

"மொத சொன்னது வாய் சொன்னதுடா நைனா. ரெண்டாவது, செஞ்சத சொன்னேன். வலிக்குது, இல்லேங்கல. உங்க வூட்டு சோபாவுல உக்காந்தாலும் வலிக்கத்தான் போவுது. கேன்டீன்ல வலிச்சா பேச்சுத்துணைக்கு நாலு பேரு கீறாங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "மாசத்துக்கு ஒருதரம் இங்க வரணும்."

"வந்து லிஃப்டுல இருக்கறவங்கள பாத்துட்டுப் போறேன்."

அடுத்த திங்கட்கிழமை காலையில் இரண்டு சேலையும் தைலப் புட்டியும் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாள். வாசல்படி உயரம். ஒரு கையால் நிலையைப் பிடித்து, "அம்மாடி, முருகா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தி, காலைக் கீழே வைத்தாள். ரேணிகுண்டா ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள்.