லாபம், ரெண்டு, மூணு

சென்ற வாரம் சூலூரிலிருந்து சோமனூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண்ணின் போனிலிருந்து ஒரு குழந்தையின் குரல் வந்தது. முதலில் விரல் முட்டியால் எதையோ இரண்டு முறை தட்டும் சத்தம். பிறகு, "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று எண்ணியது. ஒரு டீச்சரின் குரல், "அஞ்சுல லாபம் போனா எத்தனை கண்ணு?" என்று கேட்டது. குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "லாபம் போனா நட்டமுங்க டீச்சர்" என்றது. அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் காட்ட, அவரும் சிரித்தார். வீடியோ முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தை உட்கார்ந்து எண்ணும் சிமெண்ட் தரை எனக்குத் தெரியும், தினமும் அதன் மேல்தான் நான் நடக்கிறேன். டீச்சரின் குரல் எங்கள் பழைய தலைமையாசிரியையுடையது.

சோமனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அவரும் நானும் மட்டுமே ஆசிரியர்கள். நாலு பக்கமும் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்த வேண்டும், அதனால் அவருக்கு இயல்பாகவே உரத்த குரல். காலையில் பஸ்ஸில் வரும்போதே போனை எடுத்து ரீல்ஸ் பார்ப்பார். கோயில், சமையல், புடவை எதுவும் இல்லை, எல்லாம் கணக்கு. வடக்கே எங்கேயோ ஒரு டீச்சர் கண்ணாடி வளையல்களை அடுக்கிப் பெருக்கல் சொல்லிக்கொடுப்பார். மொழி ஒரு சொல் புரியாது, ஆனால் மறுநாள் எங்கள் பள்ளியில் வளையல் குலுங்கும். கேரளாவில் ஒருவர் சோடா மூடிகளை வைத்து வகுத்தல் சொன்னால், எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் மூடிகள் காலியாகும். இடமதிப்புக்கு மட்டும் யாரையும் பார்க்காமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தறிக்கூடத்தில் தூக்கிப் போடும் காலி நூல் கோன்கள் பத்துகள், புளியங்கொட்டைகள் ஒன்றுகள். "கோனைக் குடுத்துட்டுப் பத்துக் கொட்டை வாங்கிட்டு வா கண்ணு" என்று கழித்தல் நடக்கும். நான் நாக்கில் முள் உள்ளவள், "இன்னிக்கு எந்த ஊர் டீச்சருங்க வந்திருக்காங்க நம்ம ஸ்கூலுக்கு?" என்று கிண்டல் செய்வேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கணக்குப் பாடவேளை வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட பிள்ளைகள், அவர் வந்த பிறகு மணி அடித்தும் எழுந்து போகமாட்டேன் என்றார்கள்.

பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். மஞ்சள் வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. "நாமளும் வீடியோ போடோணுமுங்க டீச்சர். நாலு பேரு பாத்தாத்தானே நாலு பேரு சேப்பாங்க" என்றார். ஒரு ஸ்டாண்டு வாங்கி வகுப்பின் மூலையில் நிறுத்தினார். அந்த ஸ்டாண்டு வந்த நாளிலிருந்து எனக்கு அந்த அறை பிடிக்காமல் போயிற்று. ஒரு பிள்ளை முட்டி மோதி விடையைக் கண்டுபிடிக்கும், முகம் அப்படியே மலரும். உடனே அவர், "வெளிச்சம் பத்தலை, இன்னொருக்கா தெரியாத மாதிரி செய் கண்ணு" என்பார். தெரிந்ததைத் தெரியாததுபோல் செய்ய அந்தப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். அது எனக்கு என்னமோ நல்லதாகப் படவில்லை.

அந்த அம்மாவும் மகளும் வந்தது பள்ளி ஆண்டின் நடுவில். தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் புதிதாக வந்தவள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. தலைமையாசிரியை எதையும் துருவாமல் குழந்தையை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார், அதில் அவருக்கு ஈடு கிடையாது. போகும்போது அவள் தயங்கி நின்று, "போட்டோ மட்டும் எடுத்துராதீங்க டீச்சர்" என்றாள். பிறகு, நாங்கள் கேட்காமலே, "அவரு கோவக்காரரு இல்லீங்க. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. கதவச் சாத்திப்போட்டு, ரொம்பப் பொறுமையா அடிப்பாருங்க. அடுத்த தடவை பாப்பாவுக்கும் சேத்துன்னு சொன்னாருங்க" என்றாள்.  அன்றிலிருந்து தலைமையாசிரியை வீடியோ எடுக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையை ஸ்டாண்டுக்குப் பின்னால் தன் காலடியில் உட்காரவைத்துக்கொள்வார். வாக்குத் தவறக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்ணாக இருந்தார்.

அந்தக் குழந்தைக்கு ஒன்று என்று எண்ணத் தெரியாது. தேங்காய் மண்டியில் எண்ணுகிறவர்கள் முதல் காயை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள். அவள் அப்பனுக்குத் தேங்காய் மண்டி. அவன் மடியில் உட்கார்ந்துதான் எண்ணப் பழகியிருக்கிறாள். முதல் காயை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு லாபம் என்று போடுவது அவன் வழக்கமாம். இவள் புளியங்கொட்டையையும் அதே மாதிரி தட்டினாள். கொட்டையைத் தட்டி இவள் என்ன முற்றல் பார்க்கிறாள் என்று நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் அவள் எண்ணுவதைத் தலைமையாசிரியை எடுத்துவிட்டார். குனிந்த இரண்டு சின்னக் கைகள், கொட்டைகள், குரல், அவ்வளவுதான். "முகம் இல்லீங்களே டீச்சர். கை யாரோட கையாவும் இருக்கலாமுல்ல?" என்று என்னிடம் காட்டினார். நானும் பார்த்தேன். முகம் இல்லைதான்.

"லாபம் போனா நட்டமுங்க டீச்சர்" என்ற அந்த ஒரு பதில் ஊர் ஊராகப் போயிற்று. துணிக்கடைக்காரர், வாத்தியார், வெளிநாட்டில் இருக்கிறவர் என்று யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். கமெண்ட்டுகளில் ஒருவர், தேங்காய்ப் படம் வைத்தவர், "அருமையாச் சொல்லிக் குடுக்கறீங்க டீச்சர். எந்த ஊர் ஸ்கூலுங்க? எங்க பாப்பாவையும் சேக்கோணும்" என்று கேட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் 'ங்க' போட்டு மரியாதையாகக் கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அதிலும் பிள்ளை சேர்க்க ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தவர் எங்கள் தலைமையாசிரியை. ஊர்ப் பெயரை எழுதி, "கட்டாயம் வாங்க" என்றும் சேர்த்திருந்தார். "லாபம் பாப்பா எத்தனாவதுங்க?" என்று அடுத்த கேள்வி. "ரெண்டாவதுங்க." மத்தியானச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சந்தோஷமாக எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். "அவ அம்மாவுக்குக் கை வலி தேவலாமுங்களா?" என்று இருந்தது.

சோற்றுக் கையோடு வீடியோவை அழித்தார். அதனால் என்ன, அதற்குள் அது நூறு இடத்தில் இருந்தது. நான் தறிக்கூடத்துக்கு ஓடினேன். அந்த அம்மா ஏசவில்லை, அழவும் இல்லை. "ஊர்ப் பேரு சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் கையிலிருந்த நூலை அறுத்து வைத்துவிட்டு வந்தாள். பள்ளி வாசலில் தலைமையாசிரியை தன் கைப்பையில் இருந்ததை அப்படியே அவள் மடியில் கொட்டினார். "எங்க போறேன்னு எங்ககிட்டச் சொல்லாத அம்மணி. எங்களுக்குத் தெரியவே வேண்டாம். எனக்கு யாரு கேட்டாலும் சொல்லிப்போடற வாயி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். குழந்தை கைநிறையப் புளியங்கொட்டையோடு பஸ் ஏறியது. கோவைப் பக்கம் போகும் பஸ்ஸா, திருப்பூர்ப் பக்கம் போவதா என்று பார்க்கக் கூடாதென்று நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மறுநாள் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறைய தேங்காய் மிட்டாய். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "வரலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். பிள்ளைகளின் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தான். அப்படி ஒரு குழந்தை இங்கே இல்லை என்றார் தலைமையாசிரியை. அவன் மறுக்கவில்லை. "குரல் நம்ம பாப்பா குரலுங்க. எண்ணச் சொல்லிக் குடுத்தது நானுங்க" என்று சிரித்தான். பேசிக்கொண்டே டெஸ்கை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான்.  ஒரு வசைச்சொல் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "பரவாயில்லீங்க. பொறுமையாத் தேடிக்கறனுங்க. வாரனுங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்த மிட்டாயை நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. காவல் நிலையத்தில் சொன்னதற்கு, பெத்தவன் பிள்ளையைக் கேட்டு வந்தது ஒரு குற்றமா என்று எங்களையே கேட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியை வீடியோ எடுக்கவில்லை. மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். ஸ்டாண்டை எனக்கே விட்டுவிட்டுப் போனார், நான் அதில் உலகப்படம் மாட்டிவைத்திருக்கிறேன். கோன்களும் கொட்டைகளும் இன்னும் இருக்கின்றன, கணக்கு அவற்றில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் போன் செய்வார். எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "கேட்டிருக்கானுங்க டீச்சர்" என்பது. வீடியோ எங்கெங்கே உலவுகிறதோ அங்கெல்லாம் போய் அவன், "இந்தப் பாப்பா இப்ப எங்கிருக்குதுங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டிருந்தான். அவன் கேட்கிறவரை அவர்கள் அவன் கையில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு அந்தப் பாவியின் கேள்விதான் அவர்களிடமிருந்து வரும் நலச்செய்தி. யாரோ ஒருவர் கெடுதல் நினைத்துக் கேட்பதைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிடும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது அந்த வீடியோ. நான் அந்த பஸ்ஸில் போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் முழங்கால் வலியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தோளைத் தொட்டு, "ஏனுங்க, அதுல கமெண்ட்டைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று கேட்டேன். "நல்லாப் பேசுதல்லீங்க?" என்று சிரித்துக்கொண்டே தள்ளித் தள்ளிக் காட்டினாள். தேங்காய்ப் படம் கண்ணில் பட்டது. பழைய கேள்விகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, "எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பாப்பா கெடச்சிருச்சுங்க" என்று இருந்தது. அதற்குக் கீழே யார் யாரோ பூவும் கும்பிடும் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். பொய்யாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். இதைப் பார்த்துப் பயந்து நாங்கள் அவளைத் தேடிப் போக வேண்டும் என்று போட்ட தூண்டிலாகவும் இருக்கலாம். ஆனால் போய்ப் பார்க்க ஓர் ஊரோ கூப்பிட ஒரு நம்பரோ எங்களிடம் இல்லை. தெரியவே வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்தான். அங்கிருந்தே தலைமையாசிரியைக்கு போன் போட்டேன்.  எடுத்ததும், "பாத்துட்டீங்களா டீச்சர்" என்றார்.

முன் சீட்டுப் பெண்ணும் அந்த வரியைப் படித்துவிட்டிருந்தாள். "கெடச்சிருச்சாமுங்க. நல்ல வேளை. பாவம், அப்பன் எங்கெல்லாம் தேடினானோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கமெண்ட்டை மூடினாள். வீடியோ முதலிலிருந்து தொடங்கியது. முட்டியால் இரண்டு தட்டு. பிறகு குழந்தை, "லாபம்" என்றது.