ஏழு மாதம் சொல்லாத நோய்

சின்னவளுக்குக் கால்கள்தான் பிழைப்பு. அக்கா நடத்திய பார்லரில் பதினாறு வருடம் முக்காலியில் உட்கார்ந்து, ஊரார் பாதங்களை மடியில் வைத்து நகம் வெட்டினாள், வெடிப்பைத் தேய்த்தாள். முகம் மறந்தாலும் இவளுக்குப் பாதம் மறக்காது என்று வாடிக்கைக்காரிகள் கேலி செய்வார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருத்தியின் கல் மோதிரம் காணாமல் போனது. கடை நிறைய ஆட்கள். பெரியவள் விறுவிறுவென்று வந்து தங்கையின் கைப்பையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். வேறொன்றும் இல்லை.

"எங்கடி ஒளிச்சு வெச்ச?"

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். திருடிகிட்ட எனக்கென்ன வெக்கம்?"

ஒன்பதாம் நாள் கைகழுவும் தொட்டியின் குழாய் வளைவுக்குள் மோதிரம் கிடைத்தது. பெரியவள் அதை உரியவளிடம் கொடுத்தாள். பழி விழுந்த அன்றே கடையை விட்டுப் போயிருந்த தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. சின்னவள் அதே தெருவில், நேர் எதிரே ஓர் அறை பிடித்துத் தனிக்கடை போட்டாள். வேறு தெருவில் நல்ல இடம் கிடைத்தும் போகவில்லை. தினமும் கதவைத் திறக்கும்போது தன் முகத்தில்தான் அக்கா விழிக்க வேண்டும் என்று ஒரு வெறி.

இப்படி ஆறு வருடம். பிறகு சின்னவளுக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒரு தலையணை மூன்றானது. ஒரு காலை தன் கணுக்காலையே பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது எழும்பவில்லை. பள்ளி வேன் ஓட்டும் கணவர் அன்றைக்கே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஸ்கேன் பார்த்த பெண் டாக்டர், "இதயச் செயலிழப்பு" என்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நின்னு போயிடுச்சா டாக்டர்?"

"நிக்கலம்மா. ரத்தத்தைத் தள்ளுற பலம் கொறைஞ்சிருக்கு. முன்னால போக வேண்டியது பின்னால தேங்குது. அதுலேர்ந்து கசியுற தண்ணிதான் நுரையீரல்லயும் கால்லயும் நிக்குது. உப்பைக் கொறைங்க. மாத்திரையை விடாதீங்க. தினம் காலையில எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. உடனே வந்துடணும். அப்பா இருக்காங்களா?"

"அம்பத்திரண்டு வயசுலயே போயிட்டாரு. ஆஸ்துமான்னு சொன்னாங்க. கடைசியில உக்காந்துக்கிட்டேதான் தூங்குவாரு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இது குடும்பத்துல ஓடுறதா இருக்கலாம். கூடப் பொறந்தவங்களும் ஸ்கேன் பண்ணிக்கணும். யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

வெளியே வந்ததும் கணவர் கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"திருடிக்கு ஏதுங்க அக்கா?"

மாத்திரையில் அவளுக்கு வீக்கம் வற்றியது. வேலைக்குத் திரும்பினாள். ஆனால் கண் எப்போதும் எதிர்க்கடையில்தான். பெரியவள் ஷூவை விட்டுத் தளர்ந்த செருப்புக்கு மாறியதைப் பார்த்தாள். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். வறட்டு இருமல் தெருவைத் தாண்டிக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று சின்னவளுக்குத் தெரியும். தெரிந்ததே இனித்தது. நல்லா அனுபவி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்தவள் காலை மடியில் எடுத்து வைப்பாள்.

ஏழாம் மாதம், இரண்டு கடைக்கும் போய்வரும் ஒரு பழைய டீச்சர் சொன்னார். "உங்க அக்காவுக்கு ஆஸ்துமாவாமே. நாற்காலியிலதான் தூங்குறாளாம்."

அன்று சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை. அக்கா இப்படியே செத்துப் போனால், நான் எடுக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பித்துவிடுவாளே! அந்த ஆத்திரம்தான் அவளைத் தெருவைத் தாண்ட வைத்தது.

சனிக்கிழமை மதியம், கடை நிரம்பி வழியும் நேரமாகப் பார்த்துப் போனாள். யாரையும் கேட்காமல் பெரியவளின் காலடியில் உட்கார்ந்து கணுக்காலில் பெருவிரலை அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"இது ஆஸ்துமா இல்ல. இதயம். எனக்கும் இருக்கு. அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்."

பெரியவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு மாசமா."

சாயங்காலமே பெரியவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே டாக்டர். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் இதயம் இதைவிட நன்றாகத் தேறியிருக்கும் என்று படுக்கையருகே நின்று சொன்னார். இருவரும் கேட்டார்கள். டாக்டர் போனதும் பெரியவள் முகத்தைத் திருப்பினாள்.

"வேணும்னுதானே சொல்லல?"

"ஆமா. வேணும்னுதான்."

"நானும் வேணும்னுதான். மோதிரம் கெடைச்ச அன்னிக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா நான் மட்டம்னு ஆயிடுமே."

"இப்ப சொல்லு. இங்க இல்ல. கடையில, ஆளுங்க முன்னால."

ஒன்றரை மாதம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை, பெரியவள் சொன்னாள். "என் தங்கச்சி அந்த மோதிரத்தை எடுக்கல. நான்தான் அவ மேல பழி போட்டேன்." பாதிப் பேர் புது ஆட்கள். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "எந்த மோதிரம்க்கா?" என்றாள். சின்னவள் விடவில்லை. கைப்பையைக் கவிழ்த்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவள் தலையைத் தொங்கப் போட்டபடி முழுவதும் கேட்டாள்.

அதற்குப் பிறகு பெரியவள் நான்கு வருடம் இருந்தாள். பேச்சுவார்த்தை மாத்திரை, உப்பு, எடை என்பதோடு சரி. ஏழு மாதம் முன்னால் போயிருந்தால் இன்னும் எத்தனை வருடம் இருந்திருப்பாள் என்ற கேள்வி, டாக்டர் முன்னால் உட்காரும்போதெல்லாம் சின்னவளுக்கு நாக்கு நுனி வரை வரும். கேட்கமாட்டாள்.

"அப்பவே சொல்லாததுக்கு வருத்தமா இருக்கா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

யோசித்துவிட்டு, "பாதி" என்றாள்.